நாற்பது கிலோ

வாளையாறுக்கு இந்தப் பக்கம், பாலக்காட்டு ரோட்டில்
அறுபது டன் எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
கண்ணாடிக்கு உள்ளே நான், ஒரு மானிட்டர், டேபிள் ஃபேன்,
பல்லைக் கடித்துக்கொண்டே அச்சடிக்கும் பிரிண்டர்.
வெளியே லாரிகள்.

எவ்வளவு கூட என்று கேட்டால்
ஒருத்தரும் எண் சொல்வதில்லை.
"ஜஸ்ட்டுங்க மேடம்" என்பார் சென்னியப்பன்,
ஒட்டன்சத்திரத்துத் தக்காளியோடு.
அவருடைய ஜஸ்ட் நானூறு கிலோ.
"ஜஸ்ட் அத்ரேயுள்ளூ சேச்சி" என்பார் பௌலோஸ்,
ரப்பர் ஷீட் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறவர்.
அவருடைய ஜஸ்ட்
தார்ப்பாய்க்கு அடியில் மகளுக்கு வாங்கிய சைக்கிள்.
பதினாலு கிலோ, மணியையும் சேர்த்து.

சாவடியில் நிற்காமல் போகும் சரக்கு இது ஒன்றுதான்.
பில் இல்லை, பர்மிட் இல்லை.
அந்தப் பக்கத்து நாக்கிலும் இந்தப் பக்கத்து நாக்கிலும்
ஒரே டயர்த் தடம்.
சும்மா, இப்பத்தான், அவ்வளவுதான், மயிரிழை என்று
நாலு பேர் தோள்கொடுத்துத் தூக்கும் மூட்டையை
ஒற்றை ஆளாகத் தூக்கிப் போகிறது.
கூலியும் கேட்பதில்லை.
அதனாலேயே எனக்கு அதன் மேல் சந்தேகம்.

பிளஸ் டூவில் நான் ஜஸ்ட் பாஸ்.
கணக்கில் எழுபது, இருநூற்றுக்கு.
வீட்டில் எல்லாரும் முதல் சொல்லை மட்டும் காதில் வாங்கினார்கள்.
சந்தானராஜ் இரண்டாவதை வாங்கினான்.
அதற்காகவே கட்டிக்கொண்டேன்.
"ஜஸ்ட் ரெண்டு மாசம்" என்று ஷார்ஜாவுக்குப் போனான்.
அந்த ஜஸ்ட்டுக்கு இப்போது ஆறு வயது,
பல் விழுந்து முளைக்கிற பருவம்.
சில வெள்ளிக்கிழமை கூப்பிடுவான்.
என்ன விஷயம் என்றால், "ஜஸ்ட் கூப்ட்டேன்."
ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
சம்பளம் வரவில்லை என்றும் அர்த்தம்.
நானும் "ஜஸ்ட் தூங்கப் போனேன்" என்பேன்,
பின்னால் ஹாரன் அடிப்பது அவனுக்கும் கேட்கும்.

முதலாளிக்கு ஜஸ்ட் போதாது.
"ஒரு நாப்பது கிலோ அட்ஜஸ்ட் பண்ணிடும்மா."
முன்னால் ஓர் 'அட்' ஒட்டிக்கொண்டதும்
என் விரல் தொட வேண்டிய பொத்தான் மாறிவிடுகிறது.
அகராதியில் பார்த்தேன், அதே எழுத்துக்கு
நியாயம் என்று இன்னொரு பொருள் போட்டிருக்கிறது.
ஒன்பது வருஷத்தில் அது
எங்கள் மேடை மேல் ஏறி நான் பார்த்ததில்லை.
ஏறினால் எவ்வளவு காட்டும்?

போன மார்கழியில் ஒரு ராத்திரி, மணி இரண்டே முக்கால்.
பௌலோஸ் ரசீதுக்காக ஜன்னலோரம் நின்றிருந்தார்.
பின்புறம் தண்டவாளத்தில்
ஒரு பெண்யானை, அதன் கால்களுக்கு இடையே குட்டி.
தாய் கடந்துவிட்டது.
குட்டி நின்றுவிட்டது,
ஜல்லிக்கல்லில் எதையோ முகர்ந்துகொண்டு.
ரயில் நீளமாகக் கத்தியது.
வெளிச்சம் அதன் காது மடலைச் சிவப்பாக்கியது,
உள்ளே ஓடும் நரம்பு தெரிகிற அளவுக்கு.
தாய் திரும்பி வந்ததையோ
துதிக்கை வளைந்ததையோ நான் பார்க்கவில்லை.
பெட்டிகள் வந்துவிட்டன.

மேடை நடுங்கியது.
மேலே வண்டி எதுவும் இல்லை.
மானிட்டரில் நாற்பது கிலோ எழுந்து
கொஞ்சம் நின்று
பூஜ்யத்துக்கு இறங்கியது.

கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு போன பிறகு
அந்தப் பக்கத்து வேலியில் மூங்கில் முறிகிற சத்தம்.
இரண்டு அளவில்: ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

பௌலோஸ் "ஜஸ்ட்" என்றார்.
அடுத்த சொல் வரவில்லை அவருக்கு.
எனக்கும் எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை.
இரண்டு மொழிக்காரர்கள் அந்த ஒற்றைச் சொல்லை
ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம்.
கனமாகத்தான் இருந்தது.

பிறகு அடுத்த லாரி ஹாரன் அடித்தது.
எவ்வளவு கூட என்று கேட்டேன்.